ரீல்ஸில் பார்த்த கிரீமை வாங்குவதற்கு முன்: விளக்குத்தூண் ஃபேன்ஸி ஸ்டோரிலிருந்து

"அண்ணே, இது இருக்கா?"

கேள்வி இவ்வளவுதான். கூடவே ஒரு போன் கல்லாவுக்கு மேலே நீளும். திரையில் ஒரு ஸ்கிரீன்ஷாட்; பாதி முகம், பாதி டப்பா. முன்பெல்லாம் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள், இல்லையென்றால் வீட்டிலிருந்து காலி டப்பாவைக் கொண்டுவந்து காட்டுவார்கள். இப்போது பெயரே தெரியாமல் பொருள் கேட்டு வருகிறார்கள். "ரோஸ் கலர் மூடி, கண்ணாடி போட்ட ஒரு அக்கா சொல்வாங்கல்ல, அது."

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒன்பதடி அகலத்தில் எனக்கு ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். 1998-ல் ஆரம்பித்தது. அப்போது வளையல், ரிப்பன், சாந்துப்பொட்டு, சவுரி, கண்மை, ரெண்டு மூணு பவுடர், ரெண்டு மூணு கிரீம்; உலகமே அவ்வளவுதான். எது ஓடும் என்று டிவி விளம்பரம் சொல்லும், இல்லையென்றால் ஏஜென்சிக்காரர் சொல்வார். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எது ஓடும் என்று ஏஜென்சிக்காரரே என் கடைக்கு வருகிற பிள்ளைகளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். திங்கட்கிழமை ராத்திரி ஒரு ரீல் பரவினால், வியாழக்கிழமை திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் அதே டப்பாவைத் தேடி ஆள் வந்து நிற்கும்.

நான் விற்கிறவன். வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கல்லாவில் நின்று தினம் நாலு பேருக்காவது சொல்கிறேன். சொன்னதையே சொல்லித் தொண்டை காய்ந்துபோனதால் இப்போது எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை: அது விளம்பரமா என்று கண்டுபிடிப்பது

என் கொழுந்தியா மகள் ஆனையூரில் இருக்கிறாள். கல்யாண மேக்கப்புக்குப் போகிறாள். இன்ஸ்டாவில் பதினெட்டாயிரம் ஃபாலோயர்ஸ். இந்தத் தொழிலின் உள்விவகாரம் எல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன வருஷம் ஒரு கம்பெனியிலிருந்து அவளுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினாள். முப்பது மில்லி ஃபேஸ் சீரம் ஒன்று இலவசம், கையில் 3,000 ரூபாய். ரீல் 40 செகண்ட் இருக்க வேண்டும். முதல் மூன்று செகண்டில் பாட்டில் தெரியக் கூடாது, பரு தெரிய வேண்டும். "மூணு மாசமா யூஸ் பண்றேன்" என்று சொல்ல வேண்டும். கடைசி வரி இது: விளம்பரம் என்று எங்கேயும் போட வேண்டாம், போட்டால் ரீச், அதாவது ரீல் போய்ச் சேருகிற ஆள் எண்ணிக்கை, குறையும். பாட்டில் கூரியரில் வந்து இறங்கியது செவ்வாய்க்கிழமை. ரீல் சனிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

"மூணு மாசம் எங்க பெரியப்பா, மூணு ராத்திரிதான் இருக்கு" என்று சிரித்தாள். அவள் அதைச் செய்யவில்லை. ஆனால் அடுத்த வாரம் அதே பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் அதே மூணு மாசக் கதையைச் சொன்னதை எனக்குத் தேடித் தேடிக் காட்டினாள். ஒருத்தர் கோயம்புத்தூர், ஒருத்தர் சென்னை. வார்த்தை கூட மாறவில்லை.

இப்படிச் செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. விளம்பரங்களுக்கான தர அமைப்பான ஆஸ்கி 2021-லேயே இன்ஃப்ளூயன்சர்களுக்கு, அதாவது இப்படி ரீல் போட்டுப் பொருளைப் பரப்புகிறவர்களுக்கு, நெறிமுறை போட்டது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறையும் ஒன்று வெளியிட்டது. பணம், இலவசப் பொருள், ஓசிப் பயணம், கம்பெனியில் பங்கு என்று எது கைமாறியிருந்தாலும் சொல்லியாக வேண்டும். ரீல் எந்த மொழியோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும். வீடியோ என்றால் எழுத்திலும் வர வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும். லைவ் என்றால் முடிகிற வரை திரையில் நிற்க வேண்டும். முப்பது ஹேஷ்டேக்குக்கு நடுவே புதைக்கக் கூடாது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் வந்து சிபாரிசு செய்தவரை ஒரு வருஷம், மறுபடியும் செய்தால் மூணு வருஷம் வரை, எதையும் சிபாரிசு செய்யக் கூடாதென்று தடுக்கவும் முடியும்.

விதி கிடக்கட்டும், உங்கள் கையில் இருக்கிற போனில் என்ன செய்வது? ரீலில் பெயருக்குப் பக்கத்தில் 'பெய்டு பார்ட்னர்ஷிப்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கீழே உள்ள எழுத்தைத் தட்டிக் கடைசி வரி வரை போங்கள். 'ஆட்', 'கொலாப்', 'ஸ்பான்சர்டு' என்ற வார்த்தை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். "என் பேர்ல கூப்பன் கோடு போட்டா 15 பெர்சன்ட் கம்மி" என்றால் அந்தக் கோடு வழியாக நடக்கிற விற்பனை யார் கணக்கில் சேர்கிறது என்று யோசியுங்கள். பயோவில், அதாவது அவர் பக்கத்தின் மேலே உள்ள அறிமுக வரியில், இருக்கிற லிங்க்கும் அநேகமாக அப்படித்தான். அதை அமுக்கி வாங்கினால் அவருக்குக் கமிஷன். அப்புறம், பொருளின் பெயரைத் தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். ஒரே வாரத்தில் பத்துப் பேருக்கு ஒரே ஞானம் வந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

கமெண்ட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். "கமெண்டில் லிங்க்னு போடுங்க, இன்பாக்ஸ்ல அனுப்புறேன்" என்பது தானாக ஓடும் ஏற்பாடு. ஆயிரம் பேர் 'லிங்க்' 'லிங்க்' என்று போட்டிருப்பார்கள். அதில் ஒருவர் கூட வாங்கிப் பூசியவர் இல்லை. பூசியவர் கமெண்ட் வேறு மாதிரி இருக்கும்: "எனக்கு எரிஞ்சுது", "ஆயில் ஸ்கின்னுக்கு ஒத்துக்கல", "பம்ப் ரெண்டாவது வாரமே உடைஞ்சிருச்சு". அந்த மாதிரி ஒன்றுகூட இல்லாமல் வெறும் நெருப்புப் படமும் இதயப் படமுமாக இருந்தால், வேண்டாததை யாரோ அழித்திருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. 2022 ஜூலையிலிருந்து, கம்பெனி கொடுக்கிற இலவசப் பொருளின் மதிப்பு வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டி அதை இன்ஃப்ளூயன்சர் தானே வைத்துக்கொண்டால், பத்து சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்று வந்தது. ஆக, வருமான வரிக்காரர்களுக்குத் தெரிகிற கணக்கு, ரீலைப் பார்க்கிற உங்களுக்குத்தான் தெரிவதில்லை.

ஒன்று சொல்லிவிட வேண்டும்: விளம்பரம் என்று வெளிப்படையாகப் போடுகிறவர் மீது எனக்கு மரியாதை அதிகம். என் மருமகளுக்கு வாங்கித் தரும்போது நான் பார்ப்பதும் அவர்களைத்தான். இது யாருக்கு ஒத்துவராது என்று ஒரு வார்த்தையாவது சொல்கிறாரா, ரெண்டு மாதம் கழித்து அதே டப்பாவை அரைவாசி காலியாகக் காட்டுகிறாரா என்று பார்ப்பேன். அவ்வளவு போதும்.

முகத்தைப் பார்க்கும்போது வெளிச்சத்தைப் பாருங்கள்

ஆனையூர்ப் பிள்ளை ஒருநாள் மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் எனக்கு ஒரு வித்தை காட்டினாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். கன்னத்தில் பழைய பருத் தழும்பு நாலைந்து இருக்கிறது அவளுக்கு. முதல் போட்டோ, மேலே இருக்கிற டியூப் லைட்டில், தாடையைக் கொஞ்சம் இறக்கி, முடியை இழுத்துக் கட்டி. தழும்பெல்லாம் குழி குழியாகத் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே கருப்பு. ரெண்டாவது போட்டோவுக்கு என் கடையில் விற்கிற பத்து இஞ்ச் ரிங் லைட்டை முகத்துக்கு நேராக வைத்தாள். தாடையைத் தூக்கினாள், முடியை அவிழ்த்து முன்னால் விட்டாள், கன்னத்தில் ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். ரெண்டுக்கும் நடுவே நாலு நிமிஷம். "இதுதான் பெரியப்பா, நாலு வாரத்துல நடந்த மாற்றம்" என்றாள்.

'முன்', 'பின்' என்று ரெண்டு படம் காட்டினால் முகத்தை விட்டுவிட்டு நிழலைப் பாருங்கள். மூக்கின் நிழல் ரெண்டிலும் ஒரே பக்கம் விழுகிறதா? பின்னால் இருக்கிற சுவரின் நிறம் ஒன்றேதானா? ஒரே கோணமா? இல்லையென்றால் அந்தப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஃபில்டரைப் பிடிக்கவும் எளிய வழி இருக்கிறது. கை முகத்தைக் கடக்கும் இடத்தில் வீடியோவை நிறுத்துங்கள்; ஃபில்டர் இருந்தால் விரல் ஓரத்தில் தோல் லேசாக நெளியும், புருவம் குதிக்கும். அதையும் விட நல்ல சோதனை துணி. கட்டியிருக்கிற சுங்குடிச் சேலையில் புள்ளி ஒவ்வொன்றும் தெரிகிறது, கன்னத்தில் மட்டும் ஒரு துவாரம் கூட இல்லை என்றால், அது தோல் இல்லை.

லிப்ஸ்டிக்குக்கும் ஃபவுண்டேஷனுக்கும் இன்னொரு சிக்கல். ரீலில் போடுகிறவர் நிறம் ஒன்று, உங்கள் நிறம் ஒன்று. பாடகி ரிஹானா ஆரம்பித்த ஃபென்டி பியூட்டி 2017-ல் ஒரே ஃபவுண்டேஷனை 40 நிறத்தில் இறக்கியபோது உலகமே பேசியது. அதுவரை கருத்த தோல்காரர்களுக்கு கிடைத்ததை வாங்கிக்கொள் என்பதுதான் நிலைமை. இப்போது இந்தியக் கம்பெனிகளிலும் நிறங்கள் வந்துவிட்டன, ஆனால் ரீல் எடுக்கிறவர் பெரும்பாலும் வெளுப்பாகவே இருக்கிறார். உங்கள் நிறத்தில் இருக்கிற யாராவது அதே நம்பர் ஷேடைப் போட்டிருக்கிறாரா என்று தேடுங்கள். கடைக்கு வந்தால் புறங்கையில் தேய்த்துப் பார்க்காமல் தாடை ஓரத்தில் தேய்த்து, வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். என் கடை டியூப் லைட்டை நம்பாதீர்கள், அதில் நிறம் மாறித் தெரியும். 'ஒட்டாத லிப்ஸ்டிக்' என்று கேட்டு வருகிறவர்களை டெஸ்டரைப் போடச் சொல்லிவிட்டு எதிர்க்கடையில் ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன். கிளாஸ் விளிம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டப்பாவைத் திருப்புங்கள்

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மேலே சொன்னதில் ஏமாந்தால் பணம்தான் போகும். இதில் ஏமாந்தால் முகம் போகும்.

என் கல்லா டிராயரில் ஒரு வட்ட டப்பா கிடக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. பல வருஷம் முன்னால் ஒருவர் டிவிஎஸ் 50-ல் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போன சரக்கு. எனக்கு அடக்கம் 90 ரூபாய், விற்றது 250. மேலே வெள்ளைக்காரப் பெண் படம், தங்க எழுத்து. ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிறது என்று வாய்வழியாகவே பரவி, ரெண்டு மாதத்தில் முப்பது டப்பா போனது. அப்போது ரீல்ஸ் இல்லை; இருந்திருந்தால் மூவாயிரம் போயிருக்கும்.

சோழவந்தான் பக்கத்து அம்மா ஒருவர் ரெண்டாவது டப்பா வாங்க வரும்போது இன்னும் மூணு பேரைக் கூட்டிவந்தார். நாலு மாதம் கழித்து மறுபடி வந்தார். முகம் பூராவும் சிவந்து, தோல் கண்ணாடித்தாள் மாதிரி மெலிந்து, கன்னத்தில் பூனைமுடி. நிறுத்தினால் எரிகிறது, போட்டால்தான் அடங்குகிறதாம். தோல் டாக்டர் பார்த்ததுமே ஸ்டீராய்டு என்றாராம். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. டப்பாவைக் கல்லாவில் வைத்துவிட்டு, "உங்க வீட்லயும் இதத்தான் போடுறாங்களாண்ணே?" என்று கேட்டார். மிச்சமிருந்த பதினாலு டப்பாவை அன்றைக்கே அழித்தேன். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன், கேட்கிற பிள்ளைகளிடம் காட்ட.

அதைத் திருப்பினால் என்ன இருக்கிறது? புரியாத எழுத்தில் நாலு வரி. தயாரித்தவர் முகவரி இல்லை. லைசென்ஸ் நம்பர் இல்லை. இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இல்லை. நான் அன்றைக்கு ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

ஆகவே வாங்குகிற ஒவ்வொன்றிலும் இவற்றைத் தேடுங்கள். இந்தியாவில் செய்ததென்றால் 'எம்.எல்.' அல்லது 'Mfg. Lic. No.' என்று தொடங்கும் தயாரிப்பு லைசென்ஸ் நம்பர். வெளிநாட்டுச் சரக்கென்றால் பதிவுச் சான்றிதழ் நம்பரும், இங்கே இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரியும். எந்த மாதம் செய்தது, எதுவரை பயன்படுத்தலாம், பேட்ச் நம்பர், எம்ஆர்பி. உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல். அதிகம் உள்ளது முன்னால், குறைவானது பின்னால் என்ற வரிசையில் வரும். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'குங்குமப்பூ' என்று போட்டுவிட்டு, பின்பக்கம் கடைசிக்கு முந்தின பெயராகக் குங்குமப்பூ வந்தால் எத்தனை துளி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னப் படமும் அதற்குள் '12எம்' என்றும் இருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று அர்த்தம். திறந்த தேதியை மூடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள்.

பட்டியலில் பீட்டாமெத்தசோன், குளோபிடசால், மோமெட்டசோன் என்று எதுவும் இருந்தால் அது அழகுப் பொருள் இல்லை, ஸ்டீராய்டு மருந்து. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கொண்டுவந்தது. இன்னமும் "ஸ்கின் ஒயிட்டனிங்" என்று அதை ரீலில் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாதரசம் இன்னும் மோசம். நம் நாட்டு 2020 காஸ்மெடிக்ஸ் விதிப்படி கிரீமில் தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. கள்ளச் சரக்கில் அதற்கு எத்தனையோ மடங்கு இருக்கும். கேரளாவில் மலப்புறம் மாவட்டத்து டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள்: 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு ஒரே மாதிரியான, அபூர்வமான நோய் அடையாளம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது கிட்னியில் போய் நின்றிருக்கிறது. டப்பாவில் பாதரசம் என்று யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் 'தங்கம், வெள்ளி, அலுமினியம், நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எச்சரிக்கை இருந்தால் சந்தேகப்படுங்கள். பாதரசம்தான் அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். நகைக்கு ஆகாததை முகத்தில் எதற்குப் பூச வேண்டும்?

பெயர் மாறினாலும் ஆசை மாறாது என்பதற்கு என் கடையே சாட்சி. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் குளோ அண்ட் லவ்லி ஆனது. இன்றைக்கும் என்னிடம் யாரும் 'குளோ' என்று கேட்டதில்லை. ரீல்ஸிலும் வெளுப்பு என்ற சொல் போய், 'கிளாஸ் ஸ்கின்', 'பிரைட்டனிங்' என்று வந்திருக்கிறது. கேட்கிற பிள்ளைகள் கேட்பது பழையதைத்தான்.

வீட்டில் செய்தது என்று சொல்லி விற்பவை

நலங்கு மாவு, குப்பைமேனி சோப், செம்பருத்தி எண்ணெய், கற்றாழை ஜெல். மஞ்சள் துணி, மண்சட்டி, பின்னணியில் புல்லாங்குழல். பார்க்கவே நன்றாக இருக்கும்; எனக்கும் பிடிக்கும். ஆனால் விற்பதற்காகச் செய்கிற சோப்புக்கும் கிரீமுக்கும் வீடாக இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கொடுப்பது. இன்பாக்ஸில் கேளுங்கள், "லைசென்ஸ் நம்பர் என்னக்கா?" என்று. ஒழுங்காகச் செய்கிறவர் உடனே அனுப்புவார். மற்றவர் உங்களை பிளாக் செய்வார்.

காய்ந்த மாவைப் பற்றி நான் அதிகம் பயப்பட மாட்டேன். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, பச்சைப்பயறு எல்லாம் நாட்டுமருந்துக் கடையில் வாங்கி நீங்களே அரைத்தால் ரீல் விலையில் பாதி கூட ஆகாது. தண்ணீர் சேர்ந்த பொருள்தான் பயம். 'பிரிசர்வேட்டிவ் இல்லை' என்று பெருமையாகப் போட்ட கற்றாழை ஜெல் மதுரை வெயிலில் கூரியர் வண்டியில் மூணு நாள் கிடந்தால் என்ன ஆகும்? எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவதும் அப்படித்தான். புண்ணாகிக் கருப்பாகத் தங்கிவிடும். அதைச் சொல்லும் ரீலுக்கு லட்சக்கணக்கில் லைக்.

வாங்கிய பிறகு

சின்னதாக வாங்குங்கள். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்துக் காட்டியவரே நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன்தான். நமக்கென்ன முழுப் பாட்டில் வெறி? பத்து மில்லி 199 ரூபாய், முப்பது மில்லி 449 என்றால் கணக்குப்படி பெரியதுதான் லாபம். ஆனால் ஒத்துக்கொள்ளாத 449-ஐ விட 199 நஷ்டம் தேவலை. ரெண்டாவது தடவை பெரியதாக வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கியதை நேராக முகத்தில் பூச வேண்டாம். முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசளவு இடத்தில் தினம் ரெண்டு வேளை, ஒரு வாரம். சிவப்பு, அரிப்பு, கொப்புளம் எதுவும் இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். தலைக்குச் சாயம் என்றால் 48 மணி நேரம் முன்னால் சோதனை. கருப்புச் சாயத்திலும், சீக்கிரம் கருக்கிற 'பிளாக் மெஹந்தி' கோனிலும் இருக்கிற பிபிடி என்ற ரசாயனம் சிலருக்குக் கடுமையாக ஒத்துக்கொள்ளாது. மருதாணி தானாகக் கருப்பாகாது, சிவக்கத்தான் செய்யும். கல்யாணப் பொண்ணுகள் முகூர்த்தத்துக்கு ரெண்டு வாரம் முன்னால் புதிதாக எதையும் தொட வேண்டாம். ஆவணியும் தையும் வந்தால் கடைசி நேரத்தில் முகம் வீங்கி ஐஸ் கட்டி கேட்டு வருகிற ஒரு பொண்ணையாவது பார்த்துவிடுகிறேன். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) உள்ளதைப் பிள்ளை உண்டானவர்கள் தொடக் கூடாது. மற்றவர்களும் ராத்திரியில் போட்டு, பகலில் சன்ஸ்கிரீன் போட வேண்டும். சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் 30 என்றால் தோலைச் சுடுகிற வெயில் கதிரில் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 சுமார் 98. அதற்கு மேல் நம்பருக்காகக் காசு கொடுக்காதீர்கள், ரெண்டு விரல் நீளத்துக்குத் தாராளமாகப் போடுங்கள்.

எரிந்தால் நிறுத்துங்கள். "முதல்ல அப்படித்தான் இருக்கும், உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது" என்று கமெண்டில் சொல்வதைக் கேட்காதீர்கள். முகத்தை வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள், டப்பாவையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள், அந்த ரீலின் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அதை அழித்துவிடுவார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, டப்பாவோடு போங்கள். புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

போன ஆடிக் கடைசியில் திருமங்கலத்துப் பிள்ளை ஒன்று வந்தது. முன்னால் போனை நீட்டிக் கேட்கிற பிள்ளைதான். இந்தத் தடவை போனைக் கையிலேயே எடுக்கவில்லை. ஒரு காஜலைக் கேட்டது, கொடுத்தேன். திருப்பியது. மெதுவாக உதட்டை அசைத்துப் படித்தது. அப்புறம் கல்லாவில் வைத்துவிட்டு, "அண்ணே, இதுல தேதி அழிஞ்சிருக்கு" என்றது. வாங்கிப் பார்த்தேன், ஆமாம், யாரோ ஸ்பிரிட் போட்டுத் துடைத்த மாதிரி ஒரு வெளுத்த தடம். பெட்டியில் மிச்சமிருந்த பதினொன்றையும் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டுமே அப்படித்தான். முந்தின நாள்தான் ஏஜென்சியில் இறக்கியது.

"வேற இருக்கா?" என்றது. இல்லை என்றேன். சரி என்று ரெண்டு கிளிப் மட்டும் வாங்கிக்கொண்டு போனது.